கறுப்புக் கோடு போட்ட கடைசிப் பக்கம்

இன்று காலை நம் மாதா கோயில் மடலின் புது இதழ் வந்தது. பிரித்தவுடன் கலியாண வீட்டுப் பட அல்பத்தின் மை வாசம் மூக்கில் ஏறியது. எல்லாப் பக்கமும் வர்ணம், வழுவழுப்பு. இதில் ஒரு கருவாட்டைக்கூடச் சுற்ற முடியாது. நீ இருந்திருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

அட்டையில் சபைத் தலைவர் அழுகிறார். கண்டக்குழியில் வெள்ளைக்காரருக்கு விடுதி கட்டிய பிறகு பக்தி முற்றிப்போன அதே தலைவர்தான். உள்ளே கொடியேற்றுகிறார், ஏழைகளுக்குக் குடை கொடுக்கிறார். குடை வாங்கிய கிழவிக்குத் தலை இல்லை, கத்தரித்துவிட்டார்கள்.

முன்பு நீயும் நானும் போட்ட மடல் ஒற்றைத் தாள்தான். சண்டை முடிந்து பாதை திறந்ததும் நம் சனத்தில் பாதி முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடில் போட்டு மீன்பிடித் தொழிலுக்குப் போனது. இன்னும் கொஞ்சப் பேர் இத்தாலிக்கு. யார் எங்கே என்றே தெரியாமல் போய்விடும் என்று நீதான் மடலைத் தொடங்கினாய். கற்பிட்டியில் போட்டோகொப்பி அடித்து வாடிகளுக்குப் போகும் ஐஸ் லொறியில் கொடுத்துவிடுவோம். உச்சமுனைக்கு வள்ளத்தில் போகும். எங்கே போனாலும் சனம் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கும். கறுப்புக் கோட்டுக்குள் இறந்தவரின் பெயரும் ஊரும், அவ்வளவுதான். வாசித்த வாடியில் அன்று மாலை வலையைத் தொடுமுன் எல்லாரும் கூடி அவருக்காகச் செபமாலை சொல்வார்கள்.

ஒருமுறை மாமனாரின் சாவு அறிவித்தலோடு ஒருவர் வந்து நின்றார். "என்ட பேரையும் கீழ போடு தங்கச்சி, நான்தானே மூத்த மருமகன்."

நீ தலை நிமிரவில்லை. "செத்தவருக்குத்தான் இந்தப் பக்கம். அழுறவருக்கு இல்லை."

தலைவரின் கைக்கு மடல் போனதும் அவர் முதலில் வெட்டியது அந்தப் பக்கத்தைத்தான். "சாவுக் கதையளப் போட்டா வெளிநாட்டில இருக்கிறவங்கட மனம் சோர்ந்துபோகும்" என்றார் கூட்டத்தில். "இவர் சாகவே மாட்டார் போல" என்று என் காதில் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன், எல்லாரும் முறைத்தார்கள்.

பிறகு நீ கண்ணை மூடிவிட்டாய். சனத்தில் பாதி வாடியில் இருந்த காலம். சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னோம். மற்றவர்களுக்கு மடல்தானே? அதில் நீ வந்தாய், தலைவர் மலர்வளையம் வைக்கும் படமாக. அவர் முழு உருவமாக, வெள்ளைச் சேட்டும் கண்ணைத் துடைக்கும் லேஞ்சியுமாக. ஓரத்தில் உன் சவப்பெட்டியின் கால்மாடு மட்டும் தெரிந்தது. யாருடைய பெட்டி என்று ஒரு வரி இல்லை.

வாடியிலிருந்து திரும்பிய ஒருத்தி விஷயம் கேள்விப்பட்டு என் முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். "அது அவவா? இவர் ஆருக்கோ வளையம் வைக்கிறார் எண்டுதானே நினைச்சம். ஒரு செபமாலைகூடச் சொல்லேல்லையே!" எத்தனை சாவுக்குச் செபம் சொல்ல வைத்தவள் நீ.

அடுத்த நாளே கற்பிட்டிக்குப் போய் ஒற்றைத் தாள் அடித்தேன். கடைசிப் பக்கம் மட்டுந்தான், முன்பக்கமே இல்லாத மடல். முதல் பெயர் உன்னுடையது. "ஓ, பழைய தாள் வந்திட்டுதா" என்று லொறிக்காரர் வாங்கி முன்சீட்டில் வைத்தார். தாள் போய்ச் சேர்ந்த அன்று மாலை வாடிகளில் உனக்குச் செபம் சொன்னார்கள். அதன் பிறகு நான் நிறுத்தவில்லை.

போன மாதம் தலைவரின் அம்மா இறந்தார். மறுநாள் அவரே என் வாசலில் நின்றார். உட்காரக் கதிரை கொடுத்தேன்.

"அக்கா, எங்கட மடலைச் சனம் வாசிக்கிறேல்ல. உங்கட தாளில அம்மாவைப் போடுவீங்களா?"

"ஓம்" என்றேன். அவரைப் பெற்றதைத் தவிர அந்தக் கிழவி என்ன பாவம் செய்தார்? உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அம்மாவின் பெட்டியருகே அவர் அழுதுகொண்டு நிற்கும் படம். இன்று அட்டையில் வந்திருப்பது அதுதான்.

தலை நிமிராமல் திருப்பிக் கொடுத்தேன். என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும், அந்த மூத்த மருமகனுக்கு நீ சொன்னதுதான்.