பைப்பைத் திறந்து பார்த்த மாமி

செவ்வாய்
வெக்கை. கரண்ட் வேறு இல்லை. கூடப்பிறந்த மூத்தவர், காக்காவின் முகத்தில் பூசிய பவுடர் வழிந்து வழிந்து வீடியோவை மூன்று தரம் மறுபடி எடுத்தோம். அவருக்குத்தான் மாப்பிள்ளையின் உம்மா, மாமி வேஷம். என் பழைய அபாயா, உம்மாவின் மூக்குக்கண்ணாடி.

நாடகம் இதுதான்: பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கும் வீட்டை, நாளைக்குத் தங்கள் மகன் வந்து குடியிருக்கப்போகும் வீட்டை, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள். பெண்ணை யாரும் பார்க்கவில்லை. மாமி அறையைக் காலடியால் அளக்கிறார். பாத்ரூம் பைப்பைத் திறந்து, "தண்ணி வேகம் காணாது. எங்கட மகன் ஆறுதலா, மணிக்கணக்காக் குளிக்கிறவன்."

எல்லாம் நான் எழுதியது. ஐந்து தரம் அடித்துத் திருத்தி. வீடியோவின் கடைசியில் பார்த்தால் எழுத்து, நடிப்பு, இயக்கம் மூன்றும் காக்கா.

"ஏன் காக்கா என்ட பேர் இல்ல?"

"உனக்குச் சம்பந்தம் பேசுறாங்க. பொம்புளப் புள்ள நக்கல் எழுதுறா எண்டு தெரிஞ்சா ஆரு வருவாங்க? அடுத்ததுல போடுறன்."

போன மூன்று வீடியோவுக்கும் இதே அடுத்தது.

வியாழன்
எங்கள் ஊர் சாய்ந்தமருது முழுக்க அதே கதை. மீன்காரர் பாரையை வெட்டிக்கொண்டே உம்மாவிடம், "தண்ணி வேகம் காணாது! உங்கட மகனுக்கு என்ன மூளைகா!" உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பக்கத்தில் சட்டியோடு நின்றேன். பற்றிக்கொண்டு வந்தது.

செய்ய: யன்னல் சீலை கழுவ. முட்டை வாங்க. ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார், கல்முனையிலிருந்து.

வாப்பா பாத்ரூமுக்குப் புதுப் பைப் பூட்டுகிறார். என் நாடகத்தைப் பார்த்துப் பயந்து!

ஞாயிறு
தூறல். வட்டிலப்பம் நன்றாக வந்தது.

மாப்பிள்ளையின் உம்மா, நிஜ மாமி, உட்காரும் முன்பே சிரிப்பு. "வீடியோல வாற மாமி மாதிரி எண்டு நினைச்சிராதீங்க. உங்கட மகன் என்ன மாதிரி எழுதியிரிக்காரு!"

பிறகு தன் மகளுக்குக் கண்ணைக் காட்டினார். மகள் எழுந்து உள்ளே போனாள். பைப் திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். மறுபடி திறக்கிற சத்தம். திரும்பி வந்து மெல்லத் தலையாட்டினாள்.

ஆளனுப்பிப் பார்க்கிறார்! இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் முதலில் வயிறெரிந்தது. அதற்குப் பிறகுதான் கோபம்.

தேத்தண்ணித் தட்டை வைத்தேன். "மாமி, அத எழுதினது காக்கா இல்ல. நான்."

மாமி வட்டிலப்பக் கரண்டியைக் கீழே வைத்தார்.

திங்கள்
கல்முனையிலிருந்து போன் வந்தது. "புள்ள நல்லம். வீடும் நல்லம். ஆனா எங்களையும் எழுதிப்போடுவா போல."

உம்மா அழுகை. வாப்பா என் கையால் தேத்தண்ணி வாங்கவில்லை. காக்கா மட்டும் கத்தினார். "ஒரு சொல்ல அடக்க ஏலாதா உனக்கு?" என் சொல்லை வைத்துப் பேர் எடுத்த மனிசன் எனக்கு அடக்கம் படிப்பிக்கிறார்.

மாப்பிள்ளை போனதில் கவலையா? கொஞ்சம். போட்டோவில் நல்ல முகம்.

புதன்
காற்று. கடல் இரைச்சல் வீடு வரை.

காக்கா வாசலில், என் முகம் பாராமல். "அடுத்தது எப்ப எண்டு எல்லாரும் கேக்காங்க. எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன். மகளை அனுப்பிப் பைப் திறக்கிற மாமி. பதினொரு பக்கம். முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தேன். அதில் ஒரே வரி. எழுத்து: ஷிபானா.

"மிச்சம் எங்க?"

"முதல்ல இத வாசிங்க."

மனசுக்குள்ளேயே வாசித்தார்.

"சத்தமா."