எட்டுச் செலவுப் போத்தில்

என் செல்லத் தம்பி, நாசமறுந்த நடராசா,

கோதாரியில் போவான் என்று நீ இருக்கும்போது எத்தனை தரம் ஏசியிருப்பேன். போய்விட்டாய். ஆனாலும் எனக்கு ஏசி முடியவில்லை. எழுத்துத் தெரியாதவன் நான். எங்கள் தங்கச்சி பவளத்தின் மகள் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஒரு ஏச்சையும் விடாமல் எழுது பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன். நீ போய் ஒரு வருசம் முடிகிற உன் ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கிற மலரில் இது வரவேண்டும். கனடாவில் இருக்கிற சொந்தங்களும் வாசிக்கட்டும்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் நீ சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து சிவபதம் அடைந்ததாகப் போட்டார்கள். வாசித்துக் காட்டினபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ன சுகவீனம்? சாராயம் உன் ஈரலைத் தின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் நீரிழிவு நோய், சீனி வருத்தம் என்றோம். எங்கள் ஊர் கரம்பொன் முழுக்கத் தெரியும், கரம்பொன் முழுக்கச் சீனி என்றது.

நயினாதீவு அம்மனுக்குக் கொடியேறினால் நீ போத்தில் தொடமாட்டாய். விபூதியும் வேட்டியுமாய் லோஞ்சுப் படகில் ஏறுவாய். “பாத்தியளே, நினைச்சால் விடுவான். கொழுப்பு!” என்று நாங்கள் சொல்லுவோம். கொடி இறங்கின அன்று நீ எங்கே நின்றாய் என்பதும் எல்லாருக்கும் தெரியும். திருவிழாவுக்கு விடத் தெரிந்தவனுக்கு இது ஒரு வருத்தம் என்று யார் நம்புவார்?

அந்தியேட்டிக்கு முன்னமே, நீ செத்த எட்டாம் நாள், உன் எட்டுச் செலவு. செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் படைக்கவேண்டுமாம். ஆட்டிறைச்சி, நண்டுக்கறி, தலைவாழை இலைக்குப் பக்கத்தில் சாராயப் போத்தில். உன்னைக் கொன்றதையே உனக்குப் படைத்தார்கள்! படையல் கலைத்தபிறகு அது பிரசாதம் போலக் கைமாறிப் போனது.

உன் மோன் சுதன் அதுவரை ஒரு சொட்டுத் தொடாதவன். மாரி தொடங்கும்போது அவன் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதைக் கண்டேன். உன்னைப் போலவே தலையைச் சரித்துக்கொண்டு.

இவனையும் சுடலைக்கு அனுப்ப என்னால் ஏலாது. குடியை விட நினைக்கிறவர்கள் கூடிக் கதைக்கிற இடம் ஊர்காவற்றுறையில் இருக்கிறதாம் என்று கிளினிக்கில் ஒரு பிள்ளை காதுக்குள் சொன்னாள். எங்கே என்று விசாரித்தால் எல்லாரும் குரலைக் குறைக்கிறார்கள். “ஆருக்கு ஐயா? உங்களுக்கோ?” கள்ளுக்கு வழி கேட்டால் சந்தியே சேர்ந்து கை காட்டும். எனக்கு விசர் வந்து, பஸ் நிற்கிற இடத்தில் நின்று கத்திக் கேட்டேன்.

“குடியை விடுற கூட்டம் எங்கையடாப்பா நடக்குது?”

சனம் சிரித்தது. ஓட்டோக்காரன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. “ஏறுங்கோ அப்பு. நானும் அங்கைதான் போறனான்.”

வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு அறை. பிளாஸ்டிக் கதிரைகள், பால் விடாத பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டித் துண்டு. நீ போத்தில் வாங்கப் போன அதே றோட்டு, தம்பி! நீ இருக்கும்போதே அந்தக் கூட்டம் நடந்திருக்கிறது. எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது? சீனி வருத்தக்காரனிடம் ஆர் வந்து சொல்லுவான்?

அடுத்த கிழமை சுதனை இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு ஓட்டோக்காரன் தன் கதையைச் சொன்னான். “கொடியேறினால் நான் சுத்தம். ஆனால் கும்பிடேக்கையும் கொடிமரத்தைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன், எப்பயடா இறக்குவாங்கள் எண்டு.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. நீயும் அப்படித்தானே நின்றாய்? கொழுப்பு என்றோமே. ஒருநாளாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமேயடா?

சுதன் சில கிழமை என்னோடு வந்து போனான். பிறகொருநாள் சொன்னான்: “அப்பாவுக்குப் படைச்ச போத்திலிலைதான் நான் தொடங்கினனான். ‘கொப்பற்றை பங்கு, எடு’ எண்டு மாமா ஆக்கள் தந்தவை. மாட்டன் எண்டால் அப்பாவை மதிக்காத மாதிரி இருந்தது.”

கேட்டாயா? நீ ஊட்டாததை உன் பேரைச் சொல்லி ஊட்டினார்கள்.

இப்போது அவன் குடிக்கிறதில்லை. நான் இழுக்கவேண்டாம், தானே சைக்கிளில் போகிறான். ஆனால் உன் திவசம் வருகிறது. ஐயர் வந்துபோன மறுநாள் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சிப் படைக்கிறது எங்கள் வீட்டு வழக்கம். பவளம் இப்பவே தொடங்கிவிட்டாள்.

“பெரியண்ணை, போத்தில் வைக்காட்டில் செத்தவன் ஏங்குவான்.”

“ஏங்கட்டும். இருக்கிறவன் இருக்கட்டும்.”

“வயசு போய் உங்களுக்கு அறளை பேந்திட்டுது.”

“ஓம், அறளை பேந்தவன்தான் முன்னுக்கு நிண்டு படைப்பன். ஏலுமெண்டால் போத்திலோடை வா பாப்பம்!”

இதை எழுதுகிறவள், தன் அம்மாவின் கதையையும் போடவோ என்று கேட்கிறாள். போடு பிள்ளை. மாமா ஆக்களையும் போடு.

ஆகவே கேள், தம்பி. உன் இலையில் நண்டு இருக்கும், இறைச்சி இருக்கும். போத்தில் இருந்த இடத்தில் ஒரு கோப்பை பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் இருக்கும். சுதன்தான் ஊற்றி வைப்பான். என் மூச்சு இருக்கும்வரை இந்த வீட்டில் உனக்குச் சாராயம் படைக்க விடமாட்டேன். அம்மன் அறிய இது சத்தியம்.

உனக்கு ஏக்கமென்றால் என் கனவில் வந்து ஏசு. நான் திருப்பி ஏசுவேன், விடியும்வரை ஏசுப்படுவோம். அவனிடம் மட்டும் போய்விடாதே.

இன்னும் ஏசி முடியாத,
உன் பெரியண்ணை