படத்தில் இல்லாத ஒயர்

என் அருமை மச்சான் மாறனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கரண்ட் இருக்கிறதா? இருந்தால் அங்கேயும் எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாய். இங்கே எல்லோரும் நலம். வாசுகியும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள். என் தங்கச்சியைப் பற்றி ஊருக்கு எதை வேண்டுமானாலும் சொல்வேன், அவள் புருஷனிடம் மறைக்க முடியாது.

உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனது மச்சான். கெடுத்தது நாங்கள்தான்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, உங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட் ஹாலில் உன் படத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. மேசை முழுக்கப் படையல். முக்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. நான் பெரிய மனுஷன் மாதிரி முன்னால் வந்து, "அவன் ஆம்ப்ளிஃபயர் மேலயே வைங்க லா, அதுதான் அவனுக்குப் புடிச்ச எடம்" என்றேன். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. உன் படம், மாலை, பக்கத்தில் காமாட்சி விளக்கு. அதற்குப் பிறகு வாசுகி அந்த இடத்தை மாற்றவே இல்லை. காலையும் மாலையும் எண்ணெய் ஊற்றி விளக்கேற்றினாள். சூடு வெளியே போக அந்தப் பெட்டியின் மண்டையில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிறையில் உள்ள ஃபேக்டரியில் இத்தனை வருஷமாக மெயிண்டனன்ஸ் பார்க்கிறவனுக்கு அது தோன்றவில்லை பார்.

உங்கள் கல்யாண நாளன்று அவள் விளக்கையும் படத்தையும் இறக்கி வைத்துவிட்டு, பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். வாசிக்க அல்ல. நீ வாசிப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டி 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கொடுக்குமே, அதை மட்டும் கேட்க வேண்டும் என்று. கேட்டது வேறு. சடசடவென்று சத்தம், கருகிய எண்ணெய் வாசனை, ஓட்டை வழியாகப் புகை. எனக்குப் போன் அடித்தாள்.

"அண்ணே, நான் அவர ரெண்டாவது தடவ சாவடிச்சிட்டேண்ணே."

உன்னை எடுத்துப் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. "அழுவாத லா. நான் செஞ்சு தர்றேன். அவன் சத்தம் அப்படியே வரும், பாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் மச்சானின் வாய் உனக்குத் தெரியாதா?

பெட்டியை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்திலிருந்து தீவில் இருக்கும் உன் வீட்டுக்கு வந்தேன். உன் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே விளக்கெண்ணெய், திருநீறு, ஒரு சாமந்தி இதழ். அர்ச்சனை செய்த மாதிரி இருந்தது. ஒருமுறை போட்டுப் பார்த்து ஒயரைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில் விரலை விட்டேன். கெப்பாசிட்டர் சேர்த்து வைத்திருந்த கரண்ட் முழங்கை வரை ஏறியது. புதுப் பையன்களுக்கு நான் தினமும் சொல்லும் முதல் பாடம் அது. வாசுகி பார்க்கவில்லை, அந்த வரைக்கும் நல்லது.

துடைப்பது பெரிய வேலை இல்லை. எது எதோடு சேர வேண்டும் என்று தெரிய வேண்டுமே! எண்ணெயில் ஊறிக் கருகிப்போன ரெசிஸ்டரில் கலர் கோடு எதுவும் மிஞ்சவில்லை. சர்க்கியூட் படம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தேடினேன். மாடல் நம்பர் ஒன்றுதான், இணையத்தில் படம் நாலு கிடைத்தது. ஒன்றில் வால்வு நாலு, இன்னொன்றில் ஐந்து. ஒன்று பலமுறை ஜெராக்ஸ் எடுத்து நம்பரெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. இன்னொன்றில் பாதிப் பக்கம்தான் இருந்தது, நமக்கு வேண்டிய பாதி அல்ல. உன் பெட்டியின் பின்பக்கத் தகட்டில் இருந்த சீரியல் நம்பரை வைத்து, ஆண்டைக் கணக்குப் பண்ணி, நாலில் எது உன்னுடையது என்று பிடிப்பதற்கே மூன்று ஞாயிறு போய்விட்டது.

சரியான படம் கையில் வந்ததும் ஒவ்வொரு ஒயராக விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. கிட்டார் போகிற வழியில், சத்தம் திருகும் குமிழுக்குப் பின்னால், படத்தில் இல்லாத ஒரு நீல ஒயர். அதன் நுனியில் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும். எனக்குச் சிரிப்பு வந்தது. "உன் புருஷன் சும்மா இருக்க மாட்டான் லா. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்" என்று வாசுகியிடம் சொல்லிக்கொண்டே அதை உருவி எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள் மச்சான். கருகியதை மாற்றினேன், வால்வு சாக்கெட் புதிதாகப் போட்டேன், படத்தில் இருப்பது போல் எல்லாவற்றையும் சேர்த்தேன்.

சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' வந்தது. வாசுகி கதவோரம் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் கிட்டாரை எடுத்து, எனக்குத் தெரிந்த மூன்று கோர்டை அடித்தேன். பெட்டி நன்றாகத்தான் பாடியது, கணீரென்று. அவள் முகம் மாறிவிட்டது.

"இது அவரு சத்தம் இல்லண்ணே."

"நான் வாசிச்சா அவன் மாதிரியா இருக்கும்?"

"அது இல்ல. இது முன்னாடி வந்து நிக்குது. அவரு கிட்டாரு இப்படி முன்னாடி வந்து நிக்காது."

அடுப்படிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி கலக்கினாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்லண்ணே, நீ செஞ்சதே பெருசு" என்றாள் பார், அதுதான் தாங்கவில்லை. அவள் மனதில் அந்தப் பெட்டி செத்தது செத்ததுதான்.

மறுநாள் அந்த நீல ஒயர்த் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நீ எப்போதும் போகும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலாயில், "இது தப்பு இல்லை அண்ணே. தப்பு பண்றவன் இவ்வளவு சுத்தமா ஈயம் வைக்க மாட்டான். எதுக்கோ கணக்குப் போட்டுச் செஞ்சிருக்கான்" என்றார். எதற்கு?

புதன்கிழமை மதியம் ஃபேக்டரி கேண்டீனில் நாசி லெமாக் சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தேடினேன். இந்த முறை கம்பெனிப் படத்தைத் தேடவில்லை. மாடல் நம்பரோடு, அந்த இரண்டு பொருளின் அளவையும் சேர்த்துத் தட்டினேன். பழைய ஆம்ப்ளிஃபயர்காரர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில், எத்தனையோ வருஷத்துக்கு முந்திய ஒரு கேள்வி வந்து நின்றது. கூடவே ஒரு போட்டோ, தேதிக் காலண்டர் தாளின் முதுகில் கையால் வரைந்த படம். ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவாயே, அந்த ஏழு. நீயேதான் மச்சான், நீ வரைந்ததுதான்.

உன் இங்கிலீஷ்தான், மூன்று வரிக்கு ஒரு நம்ம ஊர் 'லா'. தமிழில் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை வீட்டில் மற்றவர்களும் படிக்கட்டும்: "ஆம்ப்ளிஃபயரோட ரெண்டாவது பிளக்குல மைக்க மாட்டி என் மச்சான் பாடுவான். நல்லாப் பாடுவான், ஆனா குரல் சின்னது. நான் வாசிச்சா பாட்டு வரி அமுங்கிப்போகுது. சத்தத்தக் கொறச்சா, எனக்காகக் கொறைக்காதேன்னு கோவப்படுவான். அதனால அவனுக்குத் தெரியாம, அவன் குரல் வர்ற சுதியில, அந்த எடத்துல மட்டும் கிட்டார் கொஞ்சம் ஒதுங்கிக்கிற மாதிரி செஞ்சிருக்கேன். சரியா இருக்கா பாருங்க."

நாசி லெமாக் அப்படியே ஆறிப்போனது.

எத்தனை கல்யாண விருந்து, எத்தனை பிறந்தநாள்! பட்டர்வொர்த் மண்டபங்களில் நீ வாசிக்க நான் பாட, இரண்டும் அந்த ஒரே பெட்டிக்குள் போய் வரும். மேடையைவிட்டு இறங்கியதும் யாராவது வந்து, "அண்ணே, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுச்சு" என்பார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உன்னைப் பார்ப்பேன். "குரல்னா இது லா. உன் கிட்டாரு இல்லாமலே நான் சமாளிச்சிருவேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ ஒயரைச் சுருட்டிக்கொண்டே சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இதுதானா? ஒரு நாளாவது என் தலையில் ஒரு குட்டு வைத்து, "டேய், கேட்க வச்சதே நான்தான்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தது. பிறகு கேண்டீன் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் நான் ஒழுங்காக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வேலை முடிந்ததும் நேராக ஃபெரி ஏறினேன். விஷயத்தைச் சொல்லி, போனை வாசுகியிடம் நீட்டினேன். அவள் நீ எழுதியதைப் படிக்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள். தாளின் ஓரத்தைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரலைப் பெரிதாக்கினாள்.

"இது என் கையிண்ணே."

"என்ன?"

"ஃபேன் காத்துல தாளு பறக்குது, புடிச்சுக்கோன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். உங்க அண்ணனப் பெரிய பாடகராக்கப் போறேன்னாரு. நான் சும்மா கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பு! என் மானம் போனதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சிரிக்கட்டும்.

நீ வரைந்த படத்தைப் பார்த்து அந்த நீல ஒயரைத் திரும்ப வைத்தேன். என் ஈயம் உன்னுடையது போல் அழகாக இல்லை, ஆனால் பிடித்துக்கொண்டது. அதே மூன்று கோர்டை அடித்தேன். சத்தம் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றது. வாசுகி நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "இதுதாண்ணே. இதுதான் அவரு" என்றாள். பிறகு, "கொஞ்ச நேரம் வாசிண்ணே, நிறுத்தாத" என்றாள். தப்பும் தவறுமாக விரல் வலிக்கும் வரை வாசித்தேன். தான் உன்னைக் கொன்றுவிட்டதாக அவள் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

அவளே இரண்டாவது பிளக்கில் மைக்கைச் சொருகிக் கொடுத்தாள். என்னால் பாட முடியவில்லை. நீ விட்டு வைத்த இடம் அங்கே இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் நான் நின்ற இடம். தெரிந்த பிறகு அதில் ஏறி நிற்கக் கால் கூசுகிறது.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். உன் கேள்விக்குக் கீழே யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், அப்போதே பதில் எழுதியிருக்கிறார். "வரைபடம் சரி. வேலை செய்ததா? உங்கள் பாடகர் கண்டுபிடித்துவிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை போலிருக்கிறது, சோம்பேறி. இத்தனை வருஷமாக அந்த மனுஷன் கேட்டது அப்படியே நின்றுகொண்டிருந்தது. நேற்று நான் உட்கார்ந்து பதில் போட்டேன்.

"வேலை செய்தது. கண்டுபிடிக்கத்தான் அவனுக்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது. இப்படிக்கு, பாடகன்."

வரும் சனிக்கிழமை வாசுகியின் பிறந்தநாள். உன் வீட்டு ஹாலில், உன் பெட்டியில், நான் பாடப்போகிறேன். குரல் சின்னதுதான் என்று தெரிந்தே பாடுவேன் மச்சான். இது வாய்ச்சவடால் இல்லை, வாக்கு.

உன் வாசுகிக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
சேகர்