ஒன்றாம் எண் என்னுடையது, அத்தான்

அன்புள்ள ராஜபாண்டி அத்தானுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அக்காவை நீங்கள் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உங்களிடம் நான் வேறு எந்த முறையிலும் பேசியதில்லை. அதனால் அது அப்படியே இருக்கட்டும்.

உங்கள் வருஷ திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் கிளியரிங் ஆபீஸை உங்கள் கூட்டாளிதான் பார்க்கிறார், துறைமுகத்துக்கு வாரம் நாலு தடவை அலைகிறார். என் கடையும் நடக்கிறது. கடலில் சீற்றம் என்று போன வாரம் படகுகள் போகவில்லை. வேலையில்லாத மீனவர்கள் எல்லாரும் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

ரைபிள் கிளப்பில் ஆயுத அறைப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்த வேலை, மச்சினன் பார்ப்பதுதான் முறை என்று செயலாளர் சொன்னார். பெருமையாகத்தான் சாவியை வாங்கினேன். அந்தச் சாவியை வாங்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

நம் இரண்டு பிஸ்டலும் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கிளப்பின் ஆண்டு மலரில் இந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். கடையில் அடுக்கி வைத்து விற்கிற பிஸ்டல் இல்லை அது. வெளிநாட்டில் ஒரு சின்னப் பட்டறையில், போட்டிக்கென்று ஒவ்வொன்றாகச் செய்கிற பாயின்ட் டூ டூ பிஸ்டல். நம் வலது கையை வெள்ளைத்தாளில் விரித்து வைத்து, விரல் விரலாகப் பென்சிலால் வரைந்து அனுப்பினோம். அந்த அளவுக்கு மரப்பிடியைச் செதுக்குவார்கள். ஒரு பிஸ்டலின் விலைக்கு ஒரு ஃபைபர் வள்ளமும் எஞ்சினும் வாங்கிவிடலாம். என் கல்யாணச் செலவுக்குக்கூட நான் இவ்வளவு துணிந்ததில்லை.

கிளப் உரிமத்தில், ஒரே அனுமதிச் சீட்டில் இரண்டையும் வரவழைத்தீர்கள். கடிதம் எழுதியது, காகிதம் போட்டது, கஸ்டம்ஸில் நின்றது எல்லாம் நீங்கள்தான். பிஸ்டல் வந்து பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, "இந்தா மாப்ள, ரெண்டாம் நம்பர் ஒனக்கு, ஒன்னாம் நம்பர் எனக்கு" என்று கையில் கொடுத்தீர்கள். பிடி என் உள்ளங்கையில் அப்படிப் பொருந்தியது. அன்றைக்கு உங்கள் காலில் விழாத குறை.

முதல் வாரமே அது நின்றது. ஐந்து தோட்டா மேகசினில் போட்டால் சில நாள் ஐந்தும் போகும். சில நாள் மூன்றாவதில் நிற்கும், சில நாள் நாலாவதில். அடுத்த தோட்டா மேலே ஏறாமல் முனை முட்டிக்கொண்டு சாய்ந்து கிடக்கும். எப்போது நிற்கும் என்று தெரியாததுதான் பெரிய கொடுமை. ட்ரிக்கரை அழுத்தும்போது குறியைப் பார்க்க வேண்டிய மனசு, இப்போது நிற்குமோ என்று பிஸ்டலையே பார்த்துக்கொண்டிருந்தது.

உங்களிடம்தான் வந்தேன். வேறு யாரிடம் போவேன்? நீங்கள் அதை வாங்கிச் சுட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தீர்கள்.

"மாப்ள, இது கடைப் பிஸ்டல் இல்ல பாத்துக்கிடு. கை கல்லு மாதிரி நின்னாத்தான் ஸ்லைடு முழுசாப் பின்னால போயிட்டு வரும். மணிக்கட்டு தளந்தா மிஷினு என்ன செய்யும்? ஒனக்குக் கையில ஒரு நடுக்கம் இருக்கு. நான் ரொம்ப நாளாச் சொல்லணும்னு நெனச்சேன்."

ரொம்ப நாளாகவா, அத்தான்? எத்தனை நாளாக?

கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நான் எஞ்சின் பாகம் விற்கிறவன், திருகாணி பிடித்துப் பழகிய கை. "ஏலே, வெளியாள் கை வச்சா பட்டறைக்காரன் பொறுப்பு ஏத்துக்கிட மாட்டான்" என்றீர்கள். அப்புறம் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு பிஸ்டலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

என் கடைக்கு ஆலந்தலை மீனவர் ஒருவர் வருவார். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், "நான்தான் கயித்தச் சரியா இழுக்கல போல அண்ணாச்சி" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார். "மொதல்ல எஞ்சினப் பாப்போம், பொறவு ஒம்ம கையப் பாப்போம்" என்று நான்தான் அவரைத் தேற்றுவேன். ஊருக்கெல்லாம் சொன்ன அந்த நியாயம் எனக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? சொன்னது நீங்கள் என்பதால்தான்.

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மணல் நிரப்பிய பாட்டிலை நீட்டிப் பிடித்து நின்றேன். காப்பியை விட்டேன். கடையில் ரசீது எழுதும்போதுகூட என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நடுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே நடுங்குவது போலத் தெரிய ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டரிடம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள்தான் காரில் கூட்டிக்கொண்டு போனீர்கள். உள்ளே என் கையில் ஊசி குத்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது, வெளியே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது வசவப்புரத்தில் டீ வாங்கிக் கொடுத்து, "டாக்டருக்கு நரம்பு தெரியும், பிஸ்டல் தெரியுமா மாப்ள?" என்றீர்கள். அந்த டீயை நீங்கள் எப்படிக் குடித்தீர்கள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் மாநிலப் போட்டி. சுடும்போது பிஸ்டல் நின்றுவிட்டால் அதைத் தொடக்கூடாது, கையைத் தூக்க வேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார், கோளாறு பிஸ்டலுடையது என்றால் அந்த ஐந்தையும் மறுபடி சுட விடுவார். இது விதி. விதி எனக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் சொன்னது வேறு. "நின்னா கையத் தூக்காத. அதிகாரி வந்து பாத்து, இவன் கைதான் சரியில்லன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாம்னா அசிங்கம். நீயே இழுத்து விட்டுட்டுச் சுட்டுரு" என்றீர்கள். எனக்காகத்தான் சொல்கிறீர்கள் என்று நம்பினேன்.

கடைசிச் சுற்றில் மூன்றாவது தோட்டாவில் நின்றது. நானே ஸ்லைடை இழுத்தேன். இழுத்து முடிப்பதற்குள் ஐந்து குண்டுக்கும் கொடுத்த நேரம் போய்விட்டது, மூன்று குண்டு சுடவே இல்லை. தொட்டுவிட்டதால் முறையிடவும் முடியாது. தேசியப் போட்டிக்குப் போகும் பட்டியலில் என் பெயர் அதோடு போயிற்று. அதே பட்டியலில் உங்கள் பெயர் இருந்தது. தேசியப் போட்டிக்குப் போய்விட்டு நீங்கள் ஊர் திரும்பியபோது, ஸ்டேஷனில் முதல் மாலை போட்டது நான். அழுதுகொண்டே போட்டேன், சந்தோஷத்தில்தான்.

போன மாதம் ஆயுத அறை அலமாரியைத் துப்புரவு செய்தேன். அடியில் உங்கள் கையெழுத்தோடு ஒரு நீல ஃபைல் இருந்தது. பட்டறைக்காரர் அனுப்பிய சீட்டு முதல் தாளிலேயே இருக்கிறது. ஒன்றாம் எண், செந்தில். இரண்டாம் எண், ராஜபாண்டி. என் பெயரை எழுத்துக்கூட்டி மூன்று தடவை வாசித்தேன்.

அடுத்த தாள், பிஸ்டல் வந்த நாலாம் நாள் நீங்கள் அவர்களுக்கு அனுப்பியது. இரண்டாம் எண் அடிக்கடி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அந்த மனிதர் நேர்மையாகப் பதில் போட்டிருக்கிறார். மேகசின் உட்காரும் இடத்தை மயிரிழை அளவு கீழே வெட்டிவிட்டோம், தவறு எங்களுடையது, திருப்பி அனுப்புங்கள், செலவில்லாமல் சரி செய்து தருகிறோம் என்று. உங்கள் பதில் ஒரே வரி. இங்கேயே சரி செய்துவிட்டோம், தேவையில்லை.

சரி செய்த விதம் எனக்கு இப்போது தெரியும். இரண்டு பிடியையும் கழற்றப் பிடிக்கு இரண்டு திருகாணிதான். என் பிடியை இரண்டாம் எண்ணில் மாட்டினீர்கள், உங்கள் பிடியை ஒன்றாம் எண்ணில் மாட்டினீர்கள். எனக்கென்று செய்த பிஸ்டலை நீங்கள் எடுத்துக்கொண்டு, உங்கள் பழுதை என் கைக்குப் பொருத்திக் கொடுத்துவிட்டீர்கள். கூடம் கோணலாகத்தான் இருந்தது, அத்தான். கோணல் என்று தெரிந்துதான் என்னை அதில் ஆடவிட்டீர்கள்.

ஏன் என்றும் யோசித்துப் பார்த்தேன். ஒரே அனுமதிச் சீட்டு என்பதால் அனுப்பினால் இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். போய்வர ஒரு வருஷம் ஆகும். அப்போதே உங்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கண்ணும் முன்போல இல்லை. அந்த ஒரு வருஷம் உங்களுக்குப் பெரிது. எல்லாம் புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

கேட்டிருக்கலாமே, அத்தான். "மாப்ள, என்னது கோளாறு, ஒன்னதத் தா" என்று ஒரு வார்த்தை. பிடியை நானே கழற்றிக் கொடுத்திருப்பேன், அந்த வருஷம் முழுக்க உங்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டு பின்னால் நின்றிருப்பேன். நீங்கள் எடுத்தது பிஸ்டலை மட்டும் என்றால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறந்திருப்பேன். என் கையை எடுத்துவிட்டீர்கள்.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் பிடியை மாற்றி மாட்டிக்கொண்டு, நம் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் ரேஞ்சுக்குப் போனேன். ஒன்றாம் எண்ணில் அறுபது சுட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. என் ஆயுசில் அப்படிச் சுட்டதில்லை, நீங்களும் சுட்டதில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. குறி அட்டை ஒட்டுகிற சுடலை அண்ணாச்சி அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னல செந்திலு, கை நல்லாயிட்டா?" என்றார்.

"நல்லாயிட்டு அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது? கிளப் முழுக்க என் கைக்கு நோய் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அழுதேன்.

இதுவரை எழுதியதை நேற்று அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கிளப் மலரில் போடப் போகிற கடிதம், அவளுக்குத் தெரியாமல் போடுவது நீங்கள் செய்த வேலையைப் போலாகிவிடும். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நடுவில் கையை நிறுத்திவிட்டாள்.

"ஒங் கை சொகமாகணும்னு திருச்செந்தூர் முருகனுக்கு வெள்ளியில ஒரு கை செஞ்சு போடுதேன்னு நேந்திருந்தேன்ல" என்றாள். "ஒனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவன்னு சொல்லல. அவுகதான் கூட்டிட்டுப் போனாக. 'நீங்களே உண்டியல்ல போடுங்க, ஒங்களுக்குத்தான அவன் மேல உசிரு'ன்னு அவுக கையில குடுத்தேன். போட மாட்டேங்காக. வெள்ளிக் கையப் பிடிச்சிக்கிட்டு அங்கனயே நின்னு அழுதாக. வரிசையில பின்னால நின்னவுக எல்லாம் பாக்காக. அவுக அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவதான். தம்பி மேல இம்புட்டுப் பாசமான்னு நானும் அழுதேன், செந்திலு."

அப்புறம் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "போடுல. மலர்ல போடு" என்றாள்.

வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அத்தனை அழுத மனுஷன், வீட்டுக்கு வரும் வழியில் என் கடையில் காரை நிறுத்தியிருக்கக் கூடாதா? திருச்செந்தூர் ரோட்டிலிருந்து என் கடை எவ்வளவு தூரம்?

அத்தான், நான் கொடுக்கிற வாக்கு இது. இரண்டு பிஸ்டலையும் ஒரே பெட்டியில் கட்டிப் பட்டறைக்கே அனுப்புகிறேன். என் பிடி என்னுடையதில், உங்கள் பிடி உங்களுடையதில். காகிதம் போட்டாயிற்று. இந்த வருஷம் எனக்குப் போட்டி கிடையாது, ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதைப் பார்ப்பேன். நீங்கள் விட்டுக்கொடுக்காத அந்த ஒரு வருஷத்தை நான் கொடுக்கிறேன், உங்கள் பிஸ்டலுக்காக. திவசத்துக்கும் வருவேன், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் செய்வேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் என் வாயிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

கை நடுக்கம் எப்போதும் இல்லாத,
உங்கள் மச்சினன்,
செந்தில்