அருவியைத் திருத்திய சர்வேயர்

இன்று காலை பழைய பெட்டியைக் குடைந்தபோது ஒரு சிவப்பு மைப்புட்டி அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் வந்த வாடையில், நண்பா, அது பட்டாலே கிளம்பும் உன் இருமல் ஞாபகம் வந்துவிட்டது. அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். வெளியே சாரல். உள்ளே நான். இரண்டுமே நிற்பதாக இல்லை.

முதலில் ஊர்ச் சேதி ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ காது கொடுக்கமாட்டாய். நம்மை வெயிலில் நிற்கவைத்தே பேசுவாரே அந்தத் தாசில்தார், அவர் குற்றாலத்தில் எண்ணெய் வழிய நின்றபோது குரங்கு ஒன்று வேட்டியோடு மரத்தில் ஏறிவிட்டதாம். "மனு எழுதிக் கொடும், விசாரிக்கிறோம்" என்று குரங்கு சொன்னதாக மேலகரம் முழுக்கப் பேச்சு. நான்தான் கிளப்பிவிட்டேன் என்கிறார்கள். பாதிதான் நான்.

ஒரே சங்கிலியின் இரண்டு முனையைப் பிடித்துத் தென்காசித் தாலுகாவை அளந்தவர்கள் நாம். உன் அளவில் ஒரு முழம் முன்னே பின்னே இருக்கும். சாப்பாட்டு நேரம் மட்டும் இம்மி பிசகாது. நானோ, கோடு மயிரிழை தடித்தாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிறவன். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். வெளியே சொல்லக்கூடியதில்லை.

அந்தத் திறமையைத்தான் என் மகள் வடிவிடம் காட்டினேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. நிலம் அளந்து போட்டு வீணான புலப்படத்தின் முதுகில் அடுப்புக்கரியால் குற்றால அருவியை வரைந்து, அதை ஒட்டியே, வருஷக்கணக்காகப் பிளந்து கிடக்கும் தென்காசிக் கோபுரத்தையும் முழுசாக நிறுத்தி, கலசம் வரைக்கும் குரங்குகளை ஏற்றியிருந்தாள். ஓடி வந்து நீட்டினாள். நான் என்ன செய்தேன்? சிவப்பு மையைத் தொட்டேன். 'அருவிக்கும் கோபுரத்துக்கும் இடையே தூரம் காட்டப்படவில்லை. கோபுரம் இடி விழுந்து பிளந்துள்ளது, திருத்தவும். அளவுகோல் இல்லை.' இத்தனையும் எழுதி, பழக்கதோஷத்தில், கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அதை உன்னிடம் பெருமையாகக் காட்டினேன் பார், அதுதான் வேடிக்கை. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாய்: "ஏலே, ஊரே கட்ட முடியாத கோபுரத்தை ஒத்தப் பிள்ளை கட்டி முடிச்சிருக்கா. நீ ரெண்டாம் தடவை இடிச்சுப்புட்டியே!"

நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற வடிவு சிரிக்கவில்லை. அதன்பின் என் அளவுகோலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு கோடு போடுவாள், "சரியாப்பா?" இன்னொரு கோடு, "இது சரியாப்பா?" நான் சரி என்று சொன்னதாக நினைவில்லை. பிறகு கேட்பதையும் நிறுத்தினாள், வரைவதையும் நிறுத்தினாள். ஆறு மாதம் எங்கள் வீட்டில் கரி அடுப்புக்கு மட்டுமே போயிற்று. பிள்ளை அடங்கிவிட்டாள் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ரேஷன் அரிசியின் மேல் பழியைப் போட்டு வந்தேன்.

அடுத்த ஆடியில் நீ நெஞ்சுச்சளியோடு படுத்துவிட்டாய். பச்சைத் தண்ணீர் மேலே படக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வடிவைக் கூட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன்.

"ஏட்டி, இந்தச் சீசனுக்கு மாமாவுக்கு அருவி கிடையாதாம். நீ அதை இங்கன கொண்டாந்திரு" என்று கரித்துண்டை அவள் கையில் வைத்தாய்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, எவ்வளவு உயரம் போடணும்?"

அடிக்கணக்கு என் நாக்கு நுனியில் நின்றது. அருவி நடுவழியில் விழுகிற பொங்குமாங்கடல் பள்ளம் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதும் நின்றது.

"அவன்ட்ட கேக்காதட்டி. அருவிக்கே பட்டா கேப்பான்."

வடிவு கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கும் நான் உயரம் சொல்லியிருந்தால் அவள் அந்தக் கரியை இனித் தொடவேமாட்டாள் என்று பட்டது. "தெரியலம்மா" என்றேன். இருபது வருஷ உத்தியோகத்தில் அளவு விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் உன் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எத்தனை சுற்று என்று கேட்காதே, எண்ணியிருக்கிறேன்.

உள்ளே உன் சிரிப்பு கேட்டு ஓடி வந்தேன். தாளில் மலையைவிடப் பெரிதாக நீ உட்கார்ந்திருந்தாய். அருவி உன் தொந்தியில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடியது. மீசையில் ஒரு மீன். சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, "நனைஞ்சுட்டேன்லே! துண்டை எடு!" என்றாய். எடுத்துக் கொடுத்தேன். உலர்ந்த தலையை எவ்வளவு நேரம் துவட்டினாய்! வடிவு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல் இன்னொரு தாளை இழுத்தாள்.

ஐப்பசி மழைக்கு நீ இருக்கவில்லை.

நான்கு வருஷம் ஆகிறது. நான் குணமாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அவள் வரைகிற மாட்டுக்குக் கொம்பு கோணினால் எனக்கு இன்றும் முதுகு அரிக்கிறது. ஆனால் வாயைத் திறப்பதில்லை. அவளுக்கு அது தெரியாது என்றுதான் எண்ணியிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னை வரைந்து காட்டினாள். மூக்கு சரி. வழுக்கை ரொம்பச் சரி. கைகள் மட்டும் இல்லை. மனுஷனுக்குக் கை இரண்டு என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "கை எங்கட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

தலை நிமிராமலே சொன்னாள்: "நான் வரையும்போதெல்லாம் நீங்க கையப் பின்னால கட்டிக்கிட்டுல்லா நிக்குதிய."

இப்போதும் அந்தச் சிவப்பு மைப்புட்டி முன்னால் அப்படித்தான் நிற்கிறேன், நண்பா. ஒரு கை மற்றக் கையை இறுகப் பிடித்திருக்கிறது. விட்டால் அது எங்கே போகும் என்று உனக்குத்தான் தெரியுமே.