இரண்டு பக்கமும் கை உள்ள மருந்து

அன்புள்ள மாரக்காளுக்கு, கான்பூரிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. நீ சுகமா? நானும் சுகம்தான், கை மட்டும் செருப்பாகிவிட்டது. பயப்படாதே, சிரி.

தோல் பதனிடும் மருந்துக்கு இரண்டு பக்கமும் கை உண்டாம். கைக்கொரு தோல்நாரைப் பிடித்துக்கொண்டு விடாதாம், தோல் இறுகிப்போகும். என் கையுறை கிழிந்து, ஆட்டுத்தோலோடு விரலும் பதமாகிவிட்டது. ரேகை அழிந்ததால் வருகை பதியும் வாசல் மெஷின் என்னை ஏற்கவில்லை. நாள் முழுக்க உழைத்த பிறகு நம் நாமகிரிப்பேட்டைக்கார மேஸ்திரி, "ஏனுங்க, நீங்க இன்னிக்கு வரலீங்களே" என்று முகத்துக்கு நேராகச் சிரிக்கிறான்.

கோழிப்பண்ணையில் கிருமி சாக நீ அடிப்பதும் இதே மருந்துதானாம். கையுறை போடு. தேங்காயெண்ணெயும் உன் பழைய நூல்சேலை ஒன்றும் அனுப்பு, கையில் சுற்ற. ஊருக்கு வந்தால் நீயாவது முகத்தைப் பார்த்துக் கதவைத் திற.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

இன்றும் வேலைக்கு வராத,
முருகானந்தம்