முப்பதாவது நிமிடம்

அன்பு நண்பனுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்டுவைக்கிறேன். நீ போனை எடுக்காததால்தான் இந்தக் கடிதம்.

இங்கே என் தொப்பை எனக்கு அரை அடி முன்னதாகவே ஆபீசுக்குப் போய்ச் சேர்கிறது. டைரக்டருக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஏசி. அவருக்குப் பதினெட்டு வேண்டும், அம்மாவுக்கு இருபத்தாறு. நடுவில் நாங்கள் நடுங்கிக்கொண்டே வேர்க்கிறோம்.

சரி, வளவளத்தது போதும். வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

உன்னுடையதோடு நாலு ஊர் ரேடார்களும் சேர்ந்து வானத்தைப் பார்க்க வருஷத்துக்கு மூன்றே தடவைதான் அனுமதி. செயற்கைக்கோள் அனுப்பும் அளவுகள் என் திரையில் கோடாக ஓடும்; அதில் காந்தப்புலம் தெற்கே திரும்பிப் பத்து நிமிடம் நின்றால் சூரியப் புயல் வருகிறது, ரேடார்களை எழுப்பும் பட்டனைத் தட்டு என்பது எனக்கு விதி. நான் இரண்டு முறை மூன்றாம் நிமிடத்திலேயே தட்டினேன். புயலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை; இரண்டு தடவையும் வீண். இங்கே எனக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு தடவையிலும் புயல் சிக்காவிட்டால் உன் ரேடாரை இழுத்து மூடிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய்.

வியாழன் பகல் பதினொன்றே காலுக்குக் கோடு தெற்கே சாய்ந்தது. பத்து நிமிடம் நின்றது. பக்கத்து நாற்காலிப் பொறியாளர், "இன்னும் கொஞ்சம் பாருங்கண்ணே, மறுபடி நம்ம மானத்தை வாங்காதீங்க" என்று சிரித்தார். நானும் ஜென்மத்தில் முதல்முறையாகப் பொறுமைசாலி ஆனேன். முப்பதாவது நிமிடம்தான் தட்டினேன். உங்கள் ரேடார்கள் தயாராவதற்குள் புயல் உச்சத்தைத் தாண்டிவிட்டது. உனக்குக் கிடைத்தது வெறும் வால்.

'தகவல் வரத் தாமதம்' என்று அறிக்கையில் எழுதினேன். பொய். தகவல் என் மூக்குக்கு நேரே நின்றது. நேற்று ரேடார் கமிட்டிக்கு உண்மையை எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு, மூடுவது மூடுவதுதான் என்றார்கள்.

உன் வீட்டில் தங்கச்சியிடம் பேசினேன். நிறுத்திவைத்த ரேடாரின் எதிரே திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாயாம். சாப்பிடக் கூப்பிட்டால் "இரு, வரும்" என்கிறாயாம். "என்னண்ணா வரும்? எல்லாந்தான் போயிடுச்சே" என்று அழுதது.

மன்னிக்கச் சொல்லவில்லை. தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து திட்டு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தங்கச்சி கையில் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்